ஆறே முக்கால் கிரகணம்

கணினி பொய் சொல்லவில்லை. பதினொரு வயதில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் வைத்து என்னைச் சுற்றி நின்று திட்டிய அத்தனை பேரிடமும் இதைத்தான் சொன்னேன். இன்றைக்கும் யாராவது கேட்டால் இதையேதான் சொல்வேன். கேட்பதற்குத்தான் இப்போது ஆள் இல்லை.

அந்தக் கணினியைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கொழும்பில் கணினி பழுதுபார்க்கும் கடையொன்றில் அவருக்கு வேலை. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட பெட்டியை எடுத்து, இன்னொரு செத்த பெட்டியின் பாகங்களை அதற்குள் பொருத்தி, ஒருவழியாக உயிர்கொடுத்து, தீபாவளிக்கு எனக்குப் புதுச் சட்டைக்குப் பதிலாகத் தூக்கிக்கொண்டு வந்தார். யட்டியாந்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தோட்டத்து லொறியில் உரமூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, அதை மடியிலேயே வைத்துக்கொண்டு மலையேறிய கதையைத் தீபாவளி முடிகிற வரைக்கும் சொன்னார். எங்கள் லயத்தில் அதுதான் முதல் கணினி. பக்கத்து லயத்தில் எங்களுடையதைவிடப் பெரிய டீவி இருக்கிறதே என்று எங்களுக்கு இருந்த குறை அன்றோடு தீர்ந்தது.

தட்டச்சுப் பழக ஒன்று, படம் வரைய ஒன்று என்று போட்டுத் தந்த மாமா, பென் ட்ரைவில் கிடந்த மற்றவற்றையும் சேர்த்தே ஏற்றிவிட்டார். இலவசமாகக் கிடைப்பது எதையும் விடாத சுபாவம் அவருக்கு. அப்படி வந்து சேர்ந்ததுதான் அந்த வானியல் மென்பொருள். முதலில் திறந்தபோது ஏதோ வெள்ளைக்கார ஊரின் புல்வெளி வந்தது. அதற்கு மேல் அந்த ஊரின் வானம். ஊர்களின் பட்டியலில் எங்கள் தோட்டம் இல்லை. யட்டியாந்தோட்டையும் இல்லை. கேகாலை இருந்தது. அவ்வளவு தூரத்துக்குள் வானம் மாறிவிடாது என்று சொல்லி மாமா கேகாலையைத் தட்டிவிட்டு, மூலையிலிருந்த கடிகாரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்திவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்.

அதன் பிறகு நான் பூமியில் இருந்தது கொஞ்ச நேரம்தான். ஒரு பொத்தானை அமுக்கினால் பகல் வெளிச்சம் போய், சூரியனுக்குப் பக்கத்திலேயே நட்சத்திரங்கள் தெரியும். இன்னொன்றை அமுக்கினால் தரையே காணாமல்போய், காலுக்குக் கீழேயும் வானம் இருக்கும். சனிக் கிரகத்தைத் தொட்டு இழுத்தால் அது வளையத்தோடு பக்கத்தில் வந்து நிற்கும். நேரத்தை முன்னே தள்ளலாம், பின்னே இழுக்கலாம். பள்ளிக்கூடத்தில் ஒரே கணினியைப் பதினேழு பேரில் ஒருத்தியாக எட்டிப்பார்த்த எனக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் அதை நம்பாத ஒரே ஆள் அத்தை. அப்பாவின் மூத்த அக்கா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகிற நேரத்தில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் அவர்தான் ஆயா. தோட்டத்தில் பாதிப் பேரைத் தூக்கி வளர்த்த கை என்பதால், பெரியவர்கள்கூட அவரிடம் எதிர்த்துப் பேசுவதில்லை.

“என்னா வெல இது?” என்று அத்தை கேட்டார்.

“பெட்டியையா அத்தை?”

“இந்த வானத்த.”

“அது சும்மா குடுக்கிறாங்க. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்.”

“சும்மா குடுக்கிறவன் நல்லதாவா குடுப்பான்?” என்றார் அத்தை. தோட்டத்தில் சும்மா கொடுக்கப்பட்டவற்றை நாற்பது வருஷமாக வாங்கிப் பார்த்தவர் அவர். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது என்பதை மட்டும் நான் இன்று ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு குறையையும் அவர்தான் கண்டுபிடித்தார். வெளியே பொழுது சாய்ந்த பிறகும், திரையில் சூரியன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருக்கும்.

“ஒன் பொட்டிக்குள்ள இன்னும் பொழுது சாயலையாடி?”

“அது கேகாலை சூரியன் அத்தை. இங்க நம்மளுக்கு மலை மறைச்சிருது. அதான் சீக்கிரம் இருட்டுது.”

பதிலைச் சொன்ன வேகத்தில் அது எனக்கே மிகவும் பிடித்துப்போய்விட்டது. அதனால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

நான் காட்டியதை எல்லாம் பொறுமையாகப் பார்த்தவர் சித்தி ஒருவர்தான். அப்பாவின் தம்பி மனைவி. சித்தப்பாவோடும் அத்தையோடும் எங்கள் அறையை ஒட்டிய காம்பராவில் இருந்தார். அப்போது அவருக்கு ஆறு மாதக் கர்ப்பம். சாயந்தரம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, முகம் கழுவி, என் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்காருவார். அதிகம் பேச மாட்டார். ஒருநாள் திடீரென்று கேட்டார்.

“இது பின்னாலயும் போகுமாடி?”

“எவ்வளவு தூரம்னாலும் போகும் சித்தி.”

“அப்ப, போன பொங்கலுக்கு முந்துன பொங்கல். அதுக்கு மறுநா. பகல் நேரம்.”

அந்த நாள் எனக்கும் நினைவிருந்தது. அன்று சூரிய கிரகணம். சித்தி அப்போது முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். காலையிலேயே அவரைக் காம்பராவுக்குள் படுக்க வைத்து, ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, நகத்தால் சொறியக்கூடாது, திரும்பிப் படுக்கக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது என்று சொல்லி, அத்தை வாசலில் காவல் இருந்தார். கிரகணத்தின் வெளிச்சம் பட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும், விரல் ஒட்டிக்கொள்ளும், பிள்ளையே தங்காது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிந்த விஷயம். அடுத்த மாதம் அந்தப் பிள்ளை குறைமாதத்தில் பிறந்தது. ஒருநாள்கூட இருக்கவில்லை. சாக்கை விலக்கிப் பார்த்திருப்பாள் என்றார் அத்தை. பிறகு மற்றவர்களும் அதையே சொன்னார்கள். நானும் நம்பினேன்.

நான் நேரத்தைப் பின்னே இழுத்தேன். நடுப்பகல் சூரியன் ஓரத்தில் கறுத்து, தேய்ந்து, கடைசியில் ஒரு கீற்றாக நின்று, மறுபடி மெதுவாக முழுசானது. நான் வேகத்தைக் கூட்டி வைத்திருந்ததால் இரண்டு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

“இவ்வளவுதானா?” என்றார் சித்தி.

“இவ்வளவுதான். நெலா குறுக்க வந்துருச்சு, போயிருச்சு.”

“இன்னொருக்கா போடு.”

மூன்று தடவை போட்டேன். என் கணினி சித்திக்கு இவ்வளவு பிடித்துவிட்டதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த உற்சாகத்தில், இனி வரப்போவது எது என்று முன்னே தள்ளிப் பார்த்தேன். வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. வருகிற போயா தினத்திலேயே, பௌர்ணமி விடுமுறையன்றே, சந்திர கிரகணம். மாலை ஆறே முக்காலுக்குத் தொடக்கம். என்னைத் தவிர உலகத்தில் யாருக்கும் இது தெரியாது என்று நினைத்துக்கொண்டு லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனேன்.

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யட்டியாந்தோட்டைக் கடையில் கொடுத்த காலண்டரிலேயே அச்சடித்திருந்தார்கள். ஆனால் அதில் நேரம் ஆறேகால் என்று போட்டிருந்தது.

“காலண்டர் தப்பு,” என்றேன்.

“அச்சடிச்சவன் எல்லாம் முட்டாளு, நீ மட்டும் புத்திசாலி. அப்படியா?” என்றார் அத்தை.

“அது போன வருசம் அச்சடிச்சது அத்தை. இது இப்ப இந்த நிமிசம் கணக்குப் போடுது.”

“கோயில் நடைய ஆறு மணிக்கே சாத்துறோம்னு பூசாரி ஐயா சொல்லிட்டாரு.”

“அவரும் காலண்டர பாத்துத்தானே சொல்றாரு?”

அப்பா என்னை அதட்டினார். அம்மா என் வாயைப் பொத்தினார். நான் அசையவில்லை. ஆறேகால் என்று சொன்ன ஒவ்வொருவரிடமும் ஆறே முக்கால் என்றேன். வேண்டுமென்றால் வந்து பாருங்கள் என்று பதினைந்து பேரையாவது இழுத்து வந்து திரையைக் காட்டினேன். இரண்டு நாளில் லயமே அரைமணி நேரத்தில் இரண்டாகப் பிளந்தது. வாலிபப் பிள்ளைகள் என் பக்கம். கிழடுகள் அத்தை பக்கம். சித்தி என் பக்கம் நின்றார். அதுவும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நின்றார். “புள்ள படிச்சுப் பாத்துச் சொல்லுது. ஆறே முக்கால்னா ஆறே முக்கால்தான்” என்று அத்தையின் முகத்துக்கு நேரே சொன்னார். அத்தையிடம் சித்தி அப்படிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. எல்லாம் நான் கொடுத்த தைரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

போயா அன்று வேலை இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பௌத்தப் பன்சலையில் பிக்குகள் பிரித் ஓதுவது ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது. ஐந்தரைக்கே அத்தை சித்தியின் ஜன்னலுக்குச் சாக்கைக் கட்டிவிட்டார். சோற்றுப் பானையில் அறுகம்புல்லைப் போட்டார். பிறகு ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வாசலில் வைத்து, உலக்கையைக் கொண்டுவந்து பக்கத்தில் சாத்தினார். கிரகணம் பிடித்தால் உலக்கை தானாக நிற்கும், விட்டால் விழும். அத்தையின் கணினி அதுதான்.

ஆறு மணிக்குச் சித்தி வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“எங்க போற?” என்றார் அத்தை.

“பீலிக்கு. தண்ணி இல்ல.”

“ஒனக்கென்ன பைத்தியமா? ஆறேகாலுக்குப் புடிக்குது!”

“இன்னும் முக்கா மணி இருக்கு அக்கா. புள்ளகிட்ட கேளுங்க.” பிறகு என்னைப் பார்த்து, இன்னும் சத்தமாக, “ஆறே முக்காலுதானே?” என்றார்.

“ஆறே முக்கால்!” என்றேன். வாசலின் குறுக்கே கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். அத்தை என்னைத் தாண்டிப் போகப் பார்த்தார். நான் விடவில்லை. என்னை விலக்கித்தள்ள அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் எங்கள் சண்டையைப் பார்க்க ஆட்கள் கூடிவிட்டார்கள். வாலிபப் பிள்ளைகள் விசிலடித்தார்கள். அதற்குள் சித்தி மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்கு இறங்கும் படிகளில் மறைந்துவிட்டார்.

ஆறேகால் ஆனது. அத்தை உலக்கையைத் தாம்பாளத்தில் நிறுத்திக் கையை எடுத்தார். உலக்கை நின்றது.

“பாத்தியாடி!”

“அது அடி தட்டையா இருக்கு. எப்ப வச்சாலும் நிக்கும்.”

“எப்ப வச்சாலும் நிக்குமா? நிக்குமா?” அத்தை கத்திய கத்தலில் பிரித் சத்தமே எனக்குக் கேட்கவில்லை.

எங்கள் கிழக்குப் பக்கம் மலை. நிலா அடிவானத்தில் எழுந்து வெகுநேரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியும். நான் அந்த மலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறரை தாண்டியது. சித்தி இன்னும் வரவில்லை. மலையுச்சியில் வெளிச்சம் கசிந்து, நிலாவின் முதல் விளிம்பு தெரிந்தது. முழுதாக மேலே வந்தபோது அதன் ஒரு பக்கம் கடித்துத் தின்றதுபோல் இல்லாமல் இருந்தது.

முதலில் பார்த்தவள் நான்தான். அத்தை உலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நொடியில் நான் படியோரம் ஓடி, “சித்தி, வந்துருங்க” என்று கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் தோற்றதாக ஆகிவிடும். உள்ளே ஓடித் திரையைப் பார்த்தேன். அதில் வட்டமான, குறையில்லாத நிலா. நிலாதான் தப்பு என்று எனக்குத் தோன்றியது. சத்தியமாக அப்படித்தான் தோன்றியது.

வெளியே அத்தை அலறும் சத்தம் கேட்டது. எல்லோரும் பீலிக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. சித்தி ஒரு கையால் பீலியின் கல்லைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி, நிலாவை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களைக் கண்ட பிறகும் அவர் அவசரப்படவில்லை. அத்தை தன் முந்தானையை அவர் தலையில் போட்டு மூடி இழுத்து வந்தார்.

அன்று நடந்த அமர்க்களத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சித்திக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். சித்தப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்பா எனக்கு ஓர் அறை கொடுத்துவிட்டு, கணினியைச் சாக்கில் போட்டுக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். “அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஒரு கொற இருந்துச்சு, அது ஒன்னாலதான். சாகுற வரைக்கும் மறக்காத” என்றார் அத்தை. சித்தி ஒரு மூலையில் ஈரத் தலையோடு உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

“கணினி பொய் சொல்லல!” என்று நான் கத்தியது அப்போதுதான்.

டிசம்பர் கடைசியில் நத்தார் விடுமுறைக்கு வந்த மாமா சாக்கை அவிழ்த்து, கொஞ்ச நேரம் நோண்டிப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். முன்பு சில வருஷங்கள் நாட்டின் கடிகாரத்தை அரசாங்கம் அரைமணி முன்னே தள்ளி வைத்திருந்தது. பிறகு பழையபடி பின்னே இழுத்தது. பழைய டைம், புது டைம் என்று அப்போது தோட்டத்திலேயே குழப்பம். எங்கள் கணினி அந்தப் புது டைமில் ஓடிய அலுவலகத்தின் கழிவு. மாமா திரை மூலையில் தெரிந்த மணியைத்தான் திருத்தினாரே தவிர, உள்ளே பதிந்திருந்த அந்த அரைமணி வித்தியாசத்தைத் திருத்தவில்லை. சொல்லப்போனால் கணினி தன் கணக்கைச் சரியாகத்தான் போட்டது. நாங்கள் கொடுத்த நேரம் தப்பு. இதை நான் வீடுவீடாகப் போய் விளக்கினேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

அப்போதும் நான் அடங்கவில்லை. கிரகணமும் இல்லாத, போயாவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினேன். இரண்டு தடவை என் காலில் விழுந்தது. மூன்றாவது தடவை நின்றது. பிள்ளைக் காம்பராவுக்கு ஓடி, கையில் குழந்தையோடு இருந்த அத்தையை அப்படியே இழுத்து வந்து காட்டினேன். அத்தை வெகுநேரம் பார்த்தார். “நீ தொட்டு நிறுத்துனா எதுவும் நிக்கும்டி, பிசாசு” என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது உலக்கையைக் காலால் தட்டிவிட்டார்.

இவ்வளவு பேசினாலும் எனக்குள் பயம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பிள்ளைக் காம்பராவில் நுழைந்து, தொட்டிலில் கிடக்கிற குழந்தைகளின் உதடுகளைப் பார்ப்பேன். விரல்களை எண்ணுவேன். சித்தியின் வயிற்றைப் பார்க்கவே முடியாது; பார்வையைத் திருப்பிக்கொள்வேன். மூன்று மாதமும் கடவுளிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே துணியை விலக்கிப் பார்த்தேன். உதடு சரி. விரல்கள் பத்தும் பத்தும் சரி. காது இரண்டும் இருந்தது. என்னைப் பார்த்ததும் வீறிட்டு அழுத அழுகையில் நுரையீரலும் சரி என்று தெரிந்தது. நானும் அழுதேன். அன்றைக்குத் தான் ஊற்றிய மஞ்சள் தண்ணீர்தான் காப்பாற்றியது என்றார் அத்தை. காப்பாற்ற அங்கே ஒன்றுமே இருக்கவில்லை என்றேன் நான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இப்போது நான் கேகாலையில் வேலை பார்க்கிறேன். அத்தை இல்லை. அந்தக் குழந்தை என்னைவிட உயரமாக வளர்ந்து, என்னைவிட அதிகமாக வாயாடுகிறது. போன வருஷம் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, சித்தி ரொட்டி தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன்.

“என்னைய நம்பித்தானே சித்தி அன்னைக்கு வெளிய போனீங்க. நெலாவ பாத்தப்பறமும் நான் ஒங்களக் கூப்பிடல. அத நெனச்சா இன்னும் ஒரு மாதிரியா இருக்கு.”

சித்தி கையில் மாவோடு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“ஒன்னைய நம்பியா? காலண்டர் என் காம்பராவுலதானடி தொங்குச்சு. ஆறேகால்னு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா போனீங்க?”

“மொதப் புள்ளைக்கு அவங்க சொன்னது அத்தனையும் செஞ்சேன். தாகத்துக்குத் தண்ணிகூடக் குடிக்கல. அப்பறமும் நான்தான் சாக்க வெலக்கிட்டேன்னாங்க. அவங்க சொல்லிச் சொல்லி, வெலக்கினேனோ என்னமோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அதான், இந்தத் தடவ நேராவே பாத்துருவோம்னு போனேன்.”

“பயமா இல்லையா?”

“பயம் இல்லாமலா? கல்லப் புடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே சித்தி. அந்த மூணு மாசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

“சொல்லியிருந்தா நீ அப்படி ஒத்தக் கால்ல நின்னிருப்பியா? நான் வெளிய போக, யாராச்சும் ஒருத்தர் தப்பா மணி சொல்லணும்ல.” சித்தி ரொட்டியைப் புரட்டிப் போட்டார். “ஒனக்கு அடி விழுந்தப்ப மனசு கேக்கலதான். ஆனா வாயத் தொறந்தா எல்லாம் வெளிய வந்துரும்னு சும்மா இருந்துட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. அந்த அறைக்கும் மூன்று மாதத்துக்கும் சேர்த்துக் கோபம் வந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. முழு லயத்தையும் எதிர்த்து நின்ற ஒரே ஆள் நான்தான் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தப்பாகப் போனால் எனக்குப் போவது ஒரு பந்தயம்தான். சித்திக்கு எது போயிருக்கும் என்பது அவருக்குத் தெரியும், ஒருமுறை போயுமிருக்கிறது. அது தெரிந்தும், சரியான நேரம் தெரிந்தும், வயிற்றில் பிள்ளையோடு வாளியை எடுத்துக்கொண்டு அவர் வெளியே நடந்தார். நான் வாசலில் கையை விரித்து அவருக்கு வழிவிட்டதைத்தான் என் வீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.